எனக்கு ஏது மக்களே பவரு

சென்ற ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பத்திரப் பதிவுக்குப் போயிருந்தேன். திற்பரப்புக்குப் பக்கம் அவள் பேரில் 62 சென்ட் ரப்பர் விளை உண்டு. அவள் கல்யாணத்துக்கு என் தாத்தா எழுதிக் கொடுத்தது. மரமெல்லாம் பால் வற்றி நிற்கிறது. வெட்டிவிட்டு மறுநடவு செய்ய வீட்டில் ஆளில்லை. அண்ணன் மஸ்கட்டில், தம்பி கோயம்புத்தூரில். விற்றுவிடலாம் என்று பேசி முடிவானது. பட்டா, அளவை, வில்லங்கம் என்று 73 வயதில் அம்மாவை ஒவ்வொரு ஆபீஸ் படியாக ஏற்றி இறக்க வேண்டாம், என் பேருக்கு ஒரு பவர் எழுதிவிட்டால் எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்வேன் என்று நான்தான் சொன்னேன். நல்லதை நினைத்துத்தான் சொன்னேன்.

பத்திரம் எழுதுகிறவர் முழுவதையும் வாசித்துக் காட்டினார். சொத்தை நிர்வகிக்கவும், விலை பேசவும், முன்பணம் வாங்கவும், கிரயப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடவும், எனக்குப் பதிலாகவும் எனக்காகவும் என்று அது நீண்டுகொண்டே போனது. அம்மா ஒவ்வொரு வரிக்கும் தலையை ஆட்டினாள். வாசித்து முடித்ததும் அவர் நிமிர்ந்து, "அப்பம் சரிதானே அம்மா? உங்க பவரை மகளுக்குக் குடுக்கீங்க. முழு சம்மதம்தானே?" என்று கேட்டார். அம்மா அவரைப் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, "எனக்கு ஏது மக்களே பவரு? இருந்தாத்தானே குடுக்கதுக்கு?" என்றாள்.

வராந்தாவில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அவள் உண்மையாகவே கேட்டிருக்கிறாள் என்பது எனக்கு ஒரு நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. அதற்குள் போட்டோ எடுக்கக் கூப்பிட்டுவிட்டார்கள். விரல் ரேகை வைத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள். வெளியே வந்து டீயும் பழம்பொரியும் வாங்கிக் கொடுத்தேன். பஸ் பிடித்து வீடு வந்தோம். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லவே இல்லை. சொல்லாமல் விட்டது இரண்டு மூன்று மாதம் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

வீட்டுக்குள் புழங்கும் பவர்

அந்த நாளுக்குப் பிறகு எங்கே திரும்பினாலும் அந்தச் சொல்தான் காதில் விழுந்தது. கிணற்று மோட்டாரைச் சரி பார்க்க வந்தவர், "ஒரு எச்.பி. போதாது டீச்சர், ஒன்றரை போடுங்க, பவர் பத்தல" என்றார். மழைக்கு முன் மரக்கிளை வெட்டுகிறார்கள், காலை 9 முதல் 5 வரை பவர் கட் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மாவைக் கண் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். பரிசோதித்த பெண், "பாட்டிக்கு பவர் கூடியிருக்கு" என்றாள். அம்மா என்னிடம் மெதுவாக, "கூடினா நல்லதுதானே?" என்று கேட்டாள். இல்லை அம்மா, கண் இன்னும் கொஞ்சம் மங்கியிருக்கிறது, அதனால் கண்ணாடிக்கு பவர் கூட்ட வேண்டும் என்று விளக்கினேன். லென்ஸின் பவர் என்பது அதன் குவியத் தூரத்தை மீட்டரில் எடுத்து ஒன்றை அதனால் வகுத்தால் கிடைக்கிற எண். இரண்டரை பவர் கண்ணாடி என்றால், தூரத்திலிருந்து வரும் ஒளியை 40 சென்டிமீட்டரில் குவிக்கும். பவர் லென்ஸில் இருக்கிறது. ஆனால் நம் ஊரில் எல்லோரும் "கண்ணுல பவர்" என்றுதான் சொல்கிறோம். அதைக் கேட்ட அம்மா தனக்கு எதுவோ கூடியிருக்கிறது என்று நினைத்ததில் தப்பே இல்லை.

நான் கணக்கு டீச்சர். இரண்டை ஐந்து முறை பெருக்கினால் தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு இரண்டின் ஐந்தாம் அடுக்கு, ஆங்கில வழிப் பிள்ளைகளுக்கு டூ பவர் ஃபைவ். இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். அதற்கு ஏன் பவர் என்று பேர் வந்தது என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை. பவர் என்றால் எதுவோ பெருகுகிறது, அவ்வளவுதான் என்று போய்விட்டேன்.

கணக்கு பவரும் கரண்டு பவரும் ஒரே இடத்தில் சந்திப்பதை எங்கள் மாவட்டத்தில் கண்ணாலேயே பார்க்கலாம். நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி பஸ் ஏறினால் ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல். மேற்குத் தொடர்ச்சி மலை முடிகிற இடத்தில் ஒரு கணவாய். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை தென்மேற்குப் பருவக் காற்று அந்த வாய் வழியாகத்தான் பிய்த்துக்கொண்டு வருகிறது. அங்கே காற்றாலை வைத்ததற்குக் காரணம் ஒரு சின்னக் கணக்கு. காற்றிலிருந்து கிடைக்கும் பவர், காற்றின் வேகத்தின் மூன்றாம் பவருக்கு ஏற்ப ஏறும். வேகம் இரண்டு மடங்கானால் கிடைப்பது எட்டு மடங்கு. மூன்று மடங்கானால் 27 மடங்கு. பஸ் ஜன்னலில் இருந்து அந்த வெள்ளைச் சிறகுகள் சுற்றுவதைப் பார்க்கும்போதெல்லாம் இதை வகுப்பில் சொல்ல வேண்டும் என்று தோன்றும். இந்த வருஷம்தான் சொன்னேன்.

குதிரைக் கதையும் கிட்டத்தட்ட அப்படித்தான். ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்தை விற்க வேண்டியிருந்தது. வாங்குகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் குதிரை. எனவே ஒரு குதிரை ஒரு நிமிஷத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி தூக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு, என் எந்திரம் இத்தனை குதிரைக்குச் சமம் என்றார். இன்றைய அளவில் ஒரு குதிரை சுமார் 746 வாட். எங்கள் கிணற்று மோட்டார் அந்தக் கணக்கில்தான் ஓடுகிறது. தமிழ்ப் பாடநூலில் இதற்கு குதிரைத்திறன் என்று எழுதியிருக்கும். பவர் என்பதற்கு அங்கே திறன் என்றுதான் பெயர். அந்த ஒரு சொல்லில் எவ்வளவு சரியாகக் கை வைத்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அன்று ராத்திரி

ஐப்பசியில் ஒரு ராத்திரி. மழை. கரண்டு போயிருந்தது. எங்கள் ஊரில் பவர் போச்சு என்று சொல்கிறவர்கள் குறைவு, கரண்டு போச்சு என்பதுதான் பேச்சு. அம்மா தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் இருந்த சார்ஜை வைத்துக்கொண்டு அகராதிகளைப் புரட்டினேன். பவர் என்ற சொல்லை ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று.

அது ஆங்கிலத்துக்கே வந்தேறிய சொல். 1066-இல் பிரான்ஸிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அரசவையிலும் நீதிமன்றத்திலும் பிரெஞ்சு புகுந்தது. அப்படி வந்த சொற்களில் ஒன்று இது, 1300-ஐ ஒட்டி ஆங்கில எழுத்தில் தென்படுகிறது. அரசன், படை, நீதிமன்றம் என்று வந்த சொல்தானே, அதிகாரம் என்றுதான் அடியில் பொருள் இருக்கும் என்று நினைத்துக்கொண்டே கீழே போனேன். பழைய பிரெஞ்சில் அது போயெர் என்றும் பொவோயர் என்றும் இருந்திருக்கிறது. அங்கே அது முதலில் ஒரு வினைச்சொல். அதன் பொருள் முடிதல். "என்னால் முடியும்" என்பதில் இருக்கிற முடிதல். அந்த வினையையே பெயராகவும் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் பிரெஞ்சுக்காரர்களுக்கு முடிவதும் அதிகாரமும் ஒரே சொல்தான், புவ்வார். அதற்கும் முன்னால் லத்தீனில் போஸ்ஸே. போஸ்ஸும் என்றால் எனக்கு முடியும். ஆங்கிலத்தில் பாஸிபிள், இம்பாஸிபிள் என்று சொல்கிறோமே, அவையெல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள்.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். மேலும் பார்த்தேன். பிரெஞ்சு வருவதற்கு முன் ஆங்கிலத்தில் இருந்த சொல் மைட். அதுவும் முடியும் என்ற பொருளில் வழங்கிய ஒரு பழைய வினையிலிருந்து பிறந்தது, மே என்ற துணைவினை அதன் மிச்சம். கணக்கில் பவர் வந்த கதையும் அங்கேதான் கிடைத்தது. கிரேக்கர்கள் வடிவக் கணக்கில் ஒரு கோட்டின் மேல் எழும்பும் சதுரத்தை டூனமிஸ் என்று சொன்னார்கள். யூக்ளிடின் நூல் 1570-இல் ஆங்கிலத்துக்கு வந்தபோது அது பவர் ஆனது. டூனமிஸ் பிறந்தது டூனமாய் என்ற வினையிலிருந்து. அதன் பொருளும் எனக்கு முடியும். இந்தக் கோட்டால் எவ்வளவு பெரிய சதுரத்தை எழுப்ப முடியுமோ அது அதன் பவர். இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதிய ஒரு சொல்லுக்குள் இப்படி ஒரு கோடு நின்றுகொண்டு, என்னால் இவ்வளவு முடியும் என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்புறம் நம் பக்கம் வந்தேன். சக்தி. முக்கடல் சேருமிடத்தில் குமரி பகவதி நிற்கிற மாவட்டத்தில் பிறந்துவிட்டு சக்தி என்ற சொல்லின் அடியைத் தேடாமல் இருந்திருக்கிறேன். சமஸ்கிருதத்தில் சக் என்ற வினைவேர், முடிதல் என்று பொருள். சக்தி அதிலிருந்து வந்த பெயர். தமிழில் ஆற்றல், ஆற்று என்ற வினை. செய்தல் என்றும் பொருள், தாங்குதல் என்றும் பொருள். 225-ஆம் குறளில் பசியைத் தாங்குவதும் ஆற்றல், பிறர் பசியை மாற்றுவது அதைவிடப் பெரிய ஆற்றல். அங்கே ஆற்றல் முழுக்கச் சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் நிற்கிறது. பழந்தமிழில் வல்லேன் என்றால் எனக்கு முடியும், அந்த வல் இன்று வல்லுநரிலும் வல்லரசிலும் இருக்கிறது. மாட்டுதல் என்றாலும் ஒரு காலத்தில் முடிதல்தான், மாட்டாமை என்றால் இயலாமை. இன்றைக்கு மாட்டேன் என்றால் மறுப்பு. முடியாது என்று சொன்னவன் போகப்போக விருப்பமில்லை என்று சொன்னவனாக ஆகிவிட்டான்.

இந்த இடத்தில்தான் எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. எங்கள் மேற்குப் பகுதியில், விளவங்கோடு கல்குளம் பக்கம், முடியும் என்று யாரும் சொல்வதில்லை. கழியும். முடியாது என்பது கழியாது. மலையாளத்தோடு ஒட்டிப் பிழைத்த ஊரின் சொல். நாகர்கோவிலுக்குப் படிக்கப் போன புதிதில் நான் "எனக்குக் கழியாது" என்று சொன்னபோது கூடப் படித்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிலிருந்து அந்தச் சொல்லை நாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். அம்மா எடுக்கவில்லை. அவள் ஒரு நாளில் எத்தனை தடவை அதைச் சொல்கிறாள் என்று அந்த இருட்டில் எண்ணிப் பார்த்தேன். "கழியும், வச்சிட்டுப் போ." "நீ இரி, எனக்குக் கழியும்." பவர் ஏது என்று கேட்ட அதே வாய்தான் நாள் முழுக்க இதைச் சொல்கிறது.

பவர் இல்லாத பத்து நாள்

2017 நவம்பர் 30-ஐ எங்கள் மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். ஒக்கிப் புயல். கடலுக்குப் போனவர்கள் எத்தனையோ பேர் திரும்பி வரவில்லை. அதற்குப் பக்கத்தில் வைத்து எங்கள் வீட்டுக் கஷ்டத்தைச் சொல்வதே கூச்சமாக இருக்கிறது. எங்களுக்குப் போனது மரமும் கரண்டும்தான். விளையில் பாதிக்கு மேல் ரப்பர் சாய்ந்தது. ரோட்டில் மின்கம்பங்கள் வரிசையாக முறிந்து கிடந்தன. எங்கள் வீட்டுக்குக் கரண்டு வரப் பத்து நாளுக்கு மேல் ஆனது. போன் டவரும் இல்லை.

நான் அப்போது பிள்ளைகளோடு அம்மா வீட்டில் மாட்டிக்கொண்டேன். மோட்டார் ஓடாது, மிக்ஸி ஓடாது. முதல் நாள் காலையில் கிணற்றில் வாளியை இறக்கினேன். ஐந்தாவது வாளிக்குள் உள்ளங்கை உரிந்துவிட்டது. அம்மா கயிற்றை என் கையிலிருந்து வாங்கினாள். அப்போது அவளுக்கு அறுபதுக்கு மேல் வயது. பாதத்தை எங்கே ஊன்ற வேண்டும், கயிற்றை எந்த நேரத்தில் விட வேண்டும் என்று அவள் உடம்புக்குத் தெரிந்திருந்தது. அம்மியில் தேங்காய் அரைத்தாள். சாய்ந்த ரப்பர் கம்புகளை அடுக்கி அடுப்பெரித்தாள். பக்கத்து வீட்டில் பச்சைக் குழந்தை இருந்தது, அவர்களுக்கும் சேர்த்து வெந்நீர் போட்டாள். மண்ணெண்ணெய் விளக்கைத் துடைத்துத் திரி போட்டு ஏற்றினாள். அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் எல்லாம் நடந்தது அவளால். கரண்டு வந்த அன்று பிள்ளைகள் கைதட்டினார்கள், டி.வி. போட்டோம். அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாள். பவர் வந்துவிட்டது என்று எல்லோருக்கும் சந்தோஷம். அதுவரை அந்த வீட்டில் பவர் எங்கே இருந்தது என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

அதற்கு முன்பும் அப்படித்தான். அப்பா இருந்தபோது பால் வெட்ட ஆள் வருவார். வெட்டிய பாலை வாங்கி, அரித்து, தண்ணீர் சேர்த்து, ஆசிட் கலந்து, தட்டத்தில் உறைய வைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்துக் காயப் போடுவது அம்மா. அந்த ரோலரின் கைப்பிடியை நான் கல்லூரிக் காலத்தில்கூட முழுச் சுற்று சுற்றியதில்லை. ஷீட்டைக் கட்டி குலசேகரத்துக்குக் கொண்டுபோய் விற்பது, விலை பேசுவது, பணம் வாங்குவது அப்பா. விளை அம்மா பேரில். அப்பா கெட்டவர் இல்லை, பணத்தைக் கொண்டு வந்து அம்மா கையில்தான் கொடுப்பார். ஆனாலும் எப்போது விற்பது, என்ன விலைக்கு விற்பது என்பதை ஒரு நாளும் அவளிடம் கேட்டதில்லை. அவளும் கேட்கவில்லை.

தம்பதி, பதி, அதிகாரம்

லத்தீன் போஸ்ஸேக்குள்ளே இன்னொரு சின்னச் சொல் இருக்கிறது, போத்திஸ். வல்லவன், தலைவன் என்று பொருள். அதன் சமஸ்கிருத உறவுதான் பதி, கணவன் என்றும் தலைவன் என்றும் நாம் சொல்கிற பதி. வீட்டைக் குறிக்கும் தம் என்ற பழஞ்சொல்லோடு அது சேர்ந்தால் தம்பதி. கிரேக்கத்தில் அதே இரண்டு வேரும் சேர்ந்து தெஸ்போதேஸ் ஆகி, ஆங்கிலத்தில் கொடுங்கோலனைக் குறிக்கும் டெஸ்பாட் ஆகியிருக்கிறது. கல்யாணக் கடுதாசியில் நாம் போடுகிற தம்பதியும் டெஸ்பாட்டும் ஒரே குடும்பம். எனக்கு இதில் பிடித்தது வேறொன்று. சமஸ்கிருதத்தில் தம்பதி இருமை எண்ணிலும் வரும், அப்படி வரும்போது வீட்டுக்குத் தலைவர்கள் இருவர். கணவனும் மனைவியும். அந்த இருமை எங்கள் வீட்டில் இல்லாத ஒன்றைச் சொல்லியிருக்கிறது.

இந்த உற்சாகத்தில் ஒரு தப்பும் செய்தேன். அய்யா வைகுண்டரை வழிபடும் சுவாமிதோப்புப் பதிக்கு மாதம் தவறாமல் போகிற சித்தி ஒருத்தி எனக்கு உண்டு. அவளிடம், உங்கள் பதியும் ஆங்கிலப் பவரும் ஒரே வேர் சித்தி என்று சொல்லிவிட்டேன். பிறகு சரிபார்த்தபோதுதான் தெரிந்தது, அது வேறு பதி. ஊர், உறைவிடம் என்ற பொருளில் தமிழில் இருக்கிற பதி. ஒலி ஒன்று, பிறப்பு வேறு. போன் செய்து திருத்திச் சொன்னேன். சித்தி கோபப்படவில்லை. "அங்க போனா தலைப்பாக் கட்டிட்டு கண்ணாடி முன்னால நிக்கணும் மக்களே, ஆருக்கு முன்னால நிக்கோம்னு அப்பம் தெரியும்" என்றாள். 19-ஆம் நூற்றாண்டுத் திருவிதாங்கூரில் தலைப்பாகை கட்ட உரிமையில்லாத ஆண்களை அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். மேலாடை போடுவதற்கே பெண்கள் வருஷக்கணக்காகப் போராடி, 1859-இல்தான் அரசின் அறிவிப்பு வந்தது. இந்த மண்ணில் பவர் என்ற சொல் மேலிருந்து விழுகிற ஒன்றாகவே காதில் கேட்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

அந்தப் பொருளுக்கு நம்மிடம் உள்ள சொல் அதிகாரம். அதி என்றால் மேலே. சொல்லுக்குள்ளேயே ஒருவர் மேலே இருக்கிறார். பத்திரத்தில் பவருக்கு அச்சடிக்கிற தமிழும் அதுதான், பொது அதிகாரம். எங்கள் கன்னியாகுமரித் திருவள்ளுவர் சிலை 133 அடி, 133 அதிகாரத்துக்கு. பீடம் 38 அடி அறத்துப்பாலுக்கு, சிலை 95 அடி மற்ற இரண்டு பாலுக்கும். அங்கே அதிகாரம் என்பது ஒரு பொருளை எடுத்துப் பேசும் பகுதி, யார் மேலும் ஏறி நிற்பதில்லை. நூலில் இருக்கும் அந்த மென்மை அலுவலக மேசைக்கு வரும்போது எங்கே போகிறது என்று தெரியவில்லை. அம்மா சின்ன வயதில் பார்த்த பகுதிக் கச்சேரியில், அதாவது வில்லேஜ் ஆபீஸில், அதிகாரம் என்றால் நாற்காலியில் இருப்பவர். அவள் அப்பா அங்கே நின்றுகொண்டுதான் பேசுவார். அப்படிப் பார்த்தால் பத்திரம் எழுதுகிறவர் பவர் என்றதும் அவள் மனசில் வந்தது அந்த நாற்காலியாகத்தான் இருக்க வேண்டும். எனக்கு ஏது அது?

தாத்தாவின் பெட்டியில் மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரங்கள், அதாவது பத்திரங்கள், இருக்கின்றன. 1956 நவம்பர் 1-இல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேரும் வரைக்கும் அந்தக் கச்சேரியின் மொழி அது. அம்மாவின் பேச்சில் பவர் பத்திரத்துக்குப் பழைய பேர் முக்தியார். அது அரபியிலிருந்து வந்தது, முக்தார், தேர்ந்தெடுக்கப்பட்டவர். எனக்கு இந்தச் சொல் எல்லாவற்றிலும் மேலாகப் பிடித்துப்போனது. பவர் கொடுத்தேன் என்றால் என்னிடம் இருந்தது உன்னிடம் போய்விட்டது போல இருக்கிறது. முக்தியார் என்றால் நான் உன்னைத் தேர்ந்தெடுத்தேன், அவ்வளவுதான். தேர்ந்தெடுத்தவள் அங்கேயே இருக்கிறாள். சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சாதாரணப் பவரை எழுதிக் கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். எழுதிக் கொடுத்தவர் இறந்துபோனால் பவரும் அதோடு முடிந்தது. வாங்கினவர் கையில் ஒரு தாள் மிஞ்சும். பவர் வாங்கினதாலேயே யாரும் சொத்துக்குச் சொந்தக்காரர் ஆக முடியாது என்று 2011-இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

தை மாதம்

இதையெல்லாம் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். லத்தீன், கிரேக்கம் என்று ஆரம்பித்தால் அவள் அரிசி களையப் போய்விடுவாள். தையில் வாங்குகிறவர் பணத்தோடு வந்தார். கிரயத்துக்கு நாள் குறித்தாயிற்று. பவர் என்னிடம் இருக்கிறது, நான் போய்க் கையெழுத்துப் போட்டால் போதும். ஆனால் பவரை வைத்துப் பதிவு செய்வதென்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறார் என்று டாக்டரிடம் ஒரு உயிர்ச் சான்று வாங்கி வைக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன், நாளைக்கு டாக்டரிடம் போய் வரலாம் என்று.

அம்மா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"நான் உசிரோட இருக்கேன்னு டாக்டர் எழுதித் தரணுமா?"

"ஆமாம்மா. அதுதான் முறை."

"நான் போய் நின்னா?"

"நீங்களே வந்தா பவரே வேண்டாம். நேரா நீங்க கையெழுத்துப் போட்டா முடிஞ்சிது. ஆனா மாடிப்படி இருக்கு. அன்னைக்கே மூட்டு வலிக்குன்னு சொன்னீங்க."

"படி ஏறக் கழியாதுன்னு ஆரு சொன்னா? எனக்கு அப்பா தந்த விளை. நான் வந்து ஒப்பு போடுதேன்."

அப்போதுதான் நான் சொன்னேன். அம்மா, அந்தப் பவர் இருக்கிறதே, அதற்கு வெள்ளைக்காரன் பாஷையில் முதலில் என்ன அர்த்தம் தெரியுமா, கழியும் என்று அர்த்தம். அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "வேற என்னவோன்னுல்லா நினைச்சேன்" என்றாள். பிறகு கீரையை உருவ ஆரம்பித்தாள்.

கிரயத்தன்று அவள் எங்களுக்கு முன்னால் கிளம்பி நின்றாள். மாடிப்படியில் இரண்டு தடவை நின்று மூச்சு வாங்கினாள், கையைக் கொடுக்கப் போனேன், வேண்டாம் என்றாள். எழுதுகிறவர் அன்று போல் வாசிக்கத் தொடங்கினார். அம்மா கையை நீட்டி, "இங்க தா" என்று பத்திரத்தை வாங்கிக்கொண்டாள். பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்துப் போட்டு, முதல் வரியிலிருந்து வாய்விட்டு எழுத்துக் கூட்டி வாசித்தாள். கிழக்கே இன்னார் விளை, மேற்கே ஓடை, தெற்கே வண்டித்தடம். ஓடை என்ற இடத்தில் நிறுத்தி, "ஓடைக்கரையில நிக்க ரெண்டு பிலாவும் இதுல சேருமா?" என்று கேட்டாள். வாங்குகிறவர் சேரும் என்றார். "அப்பம் விலையில அதைப் பேசலியே" என்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். யாரும் அவசரப்படுத்தவில்லை. நான் சுவரோரம் இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டேன்.